இறாலை விட்டுப் பார்த்த சாயக்காரர்

சாயப்பட்டறை தேசப்பன் அவர்கள் சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் காலமானார். திருவொற்றியூரில் தம் பட்டறை வாசலில் கரி மூட்டை ஒன்றை இறக்கி வைத்தவர், நெஞ்சைத் தடவியபடி அதன் மேலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அறுபதைத் தொடாத வயது.

செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய தங்கை அஞ்சலை. நான் ராயபுரம் கடையில் ஒரு லாரிக்காரரோடு வாடகைத் தகராறில் இருந்தேன். போனை எடுத்ததும், "அண்ணாச்சி, எங்கண்ணன் பூட்டாரு" என்றார். லாரிக்காரரை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். பிறகு அவரே கேட்டார்: "தொட்டில இறால் உயிரோட கீது. அத்த இன்னா பண்றது?"

சாவு வீட்டிலிருந்து வந்த இந்தக் கேள்வி பிறருக்கு விநோதமாகப் படலாம். தேசப்பனைத் தெரிந்தவர்களுக்குப் படாது. அவர் இருந்திருந்தால் அவரும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். எங்கள் வியாபாரிகள் சங்க மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நண்பர்கள் சொன்னபோது, அந்த இறாலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இறாலுக்கு வருவதற்கு முன்னால் கடலைத் தோலைச் சொல்லியாக வேண்டும்.

என் தொழில் அதுதான். பிறர் கழித்துப் போடுவதை வாங்கி விற்கிறேன். செங்குன்றத்து ஆலைகளிலிருந்து நெல் உமி, எண்ணெய் ஆலைகளிலிருந்து நிலக்கடலைத் தோல், பொள்ளாச்சிப் பக்கமிருந்து தேங்காய்ச் சிரட்டை. எல்லாம் கொதிகலன்களுக்கு எரிபொருளாகப் போகும். கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒரு மஞ்சள் பையோடு வந்து, ராயபுரத்தில் மூட்டை தூக்கி, பிறகு மூட்டை வாங்கி, இன்று லோடு கணக்கில் விற்கிறேன். எதைப் பார்த்தாலும் இது என்ன விலைக்குப் போகும் என்று கேட்பது என் சுபாவம். எதைப் பார்த்தாலும் இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பது தேசப்பனுடைய சுபாவம். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு கேள்விகளையும் ஒரே பொருளின் மேல் கேட்டோம், அவ்வளவுதான்.

அவர் முதலில் என் கிடங்குக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கட்டம் போட்ட லுங்கி, முழங்கை வரை சிவப்பும் நீலமுமாகக் கறை. கைலிக்கு நெய்யும் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறார் என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது.

"அண்ணாச்சி, வேர்க்கடலைத் தோலு ஒரு மூட்டை வோணும்."

"நான் லோடு கணக்குல போடுறவன். ஒரு மூட்டையெல்லாம் வேற எங்கயாச்சும் பாரும்."

"கடலைன்னா வேற எடத்துல வாங்கிப்பேன். தோலு உங்களாண்டதான் கீதுன்னாங்கோ."

"ஒரு மூட்டைய வச்சு என்னவே செய்யப் போறீரு? மாட்டுக்கா?"

"தண்ணிய கழுவப் போறேன்."

"தண்ணிய வச்சு எல்லாத்தையும் கழுவுவாங்க. தண்ணியவே கழுவுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்."

"நானும் இன்னிக்குத்தான் ஆரம்பிக்கிறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். அவர் சொன்ன விஷயம் இது. அவருடைய பட்டறையின் கழிவுநீர் தெருச் சாக்கடையில் இறங்கி, கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. கலர் தண்ணீர் வெளியே போவது நிற்காவிட்டால் கரண்டைப் பிடுங்கிச் சீல் வைப்பார்கள். நோட்டீஸைச் சொன்னபோது அவர் முகத்தில் பெரிய கவலை தெரியவில்லை. தங்கையைப் பற்றிச் சொன்னபோதுதான் முகம் மாறியது.

தேசப்பன் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவர். மீன் குறைந்த காலத்தில் சாயப்பட்டறைக் கூலியாகத் திருவொற்றியூருக்கு வந்து, பட்டறைக்கே சொந்தக்காரரானார். அஞ்சலை குப்பத்திலேயே தங்கிவிட்டார். முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து ஓலைப் பறியில் போடுகிறவர். ஒருநாள் அவர் நேராகப் பட்டறைக்கு வந்து, நாலு தொழிலாளிகளுக்கு எதிரே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியிருக்கிறார். விரல் இடுக்கெல்லாம் சிவப்பு.

"பாத்துக்கோ நைனா. எங்கண்ணன் தங்கச்சிக்குச் சீரு அனுப்பிக்கினு கீறாரு. இனிமே நான் மருதாணி துட்டு குட்த்து வாங்கத் தேவையில்ல."

அது அவருடைய பட்டறைச் சாயம்தானா, வழியில் இருக்கும் வேறு எவருடையதாவதா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அதைத்தான் சொன்னேன். வியாபாரி அப்படித்தான் சொல்வான். "நூறு பேர் விடுதான், உம்ம பேரு மட்டும் அதுல எழுதியா இருக்கு?" என்று கேட்டேன்.

"எழுதல அண்ணாச்சி. ஆனா அவ என்னாண்டதான வந்து கைய காட்னா?"

சரி, கடலைத் தோலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினை, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்ப்பதற்காக உடைத்திருக்கிறார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின். "உள்ள கரி கீது அண்ணாச்சி! வெறும் கரி! கொட்டாங்கச்சிக் கரியாம். கரிய வச்சி இவ்ளோ வெள்ளையா தண்ணி குட்த்தா, நம்ம கரிய வச்சி நம்ம தண்ணிய பண்ண முடியாதா?"

கொட்டாங்கச்சி என்றால் எங்கள் ஊரில் சிரட்டை. அதற்கு அப்போது நல்ல கிராக்கி. சிரட்டையை அவர் தலையில் கட்டிவிடத்தான் முதலில் பார்த்தேன். அவர் விலையைக் கேட்டுவிட்டு, "இது பணக்காரன் குப்பை. ஏழைக் குப்பை எதுனா காட்டு" என்றார். அப்படித்தான் கடலைத் தோலுக்கு வந்தோம்.

மூட்டையைச் சும்மா கொடுத்தேன். அவர் எழுந்திருக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார். "இது வேலை செஞ்சா அப்பால லோடு லோடா உன்னாண்டதான் வாங்குவேன். ஆனா ஒரு பேச்சு. கழுவுன தண்ணில இறால வுடுவேன். அது பொழச்சிதுன்னா, வாங்குறவனும் விக்கிறவனும் ரெண்டு பேரும் அத்தத் துன்னணும்." நடக்காத காரியத்துக்கு வியாபாரத்தில் உடனே சரி சொல்லிவிடுவது வழக்கம். சரி என்றேன்.

பிறகு நடந்ததெல்லாம் என் கிடங்கின் பின்கட்டில்தான். தோலைக் காற்றுப் படாமல் சுட்டால் கரியாகும், காற்றுப் பட்டால் சாம்பலாகும். இவ்வளவுதான் சூத்திரம். ஒரு பெரிய இரும்பு டிரம்முக்குள் சின்ன டிரம்மை வைத்து, உள்ளே தோலைத் திணித்து மூடி, வெளியே விறகு வைத்துக் கொளுத்துவோம். புகை அடங்கி, டிரம் முழுக்க ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இங்கேதான் தேசப்பனுடைய குணம் குறுக்கே வந்தது. அவரால் காத்திருக்க முடியாது.

"தொறக்காதேரும்வே! சூடு இருக்கு!"

"ஒரு கண்ணு மட்டும் பாத்துக்குறேன் அண்ணாச்சி."

"போன வாட்டியும் ஒரு கண்ணுதான் பாத்தீரு. மூட்டை முழுக்கச் சாம்பல்."

"பாக்காம உள்ள இன்னா நடக்குதுன்னு எப்டித் தெர்யும்?"

"பாத்தா நடக்காது. அதான் விசயம்."

இதைக் கேட்டதும் அவர் கையை எடுத்துவிட்டு வெகு நேரம் யோசித்தார். "பாத்தா நடக்காது, பாக்கலன்னா நடக்குது. இது இன்னாடா பேஜாரா கீது" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அடுத்த முறை மூடியின் மேல் தாமே ஏறி உட்கார்ந்துகொண்டார். திறக்கும் ஆசை வந்தாலும் திறக்க முடியாதபடி! கீழே ஈரச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, அரசன் மாதிரி உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்த அந்தக் காட்சியை என் கிடங்கில் வேலை செய்பவர்கள் இன்றும் நடித்துக் காட்டுவார்கள்.

கரி வந்த பிறகு பாட்டில்கள் வந்தன. காலிக் கலர் சோடா பாட்டில்களில் சிவப்புச் சாயத் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கரி: உமிக்கரி, கடலைத் தோல் கரி, சிரட்டைக் கரி, நடுவில் ஆசைக்குச் சவுக்கு விறகுக் கரி. என் கிடங்கு ஜன்னலில் வரிசையாக நின்றன. வருகிற லாரி டிரைவர்கள் எல்லாம் அண்ணாச்சி ரோஸ்மில்க் விற்கிறாரா என்று கேட்டார்கள். தேசப்பன் தினமும் மத்தியானம் வந்து பாட்டில்களைக் குலுக்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பார்.

முதலில் வந்தது தோல்விதான். தண்ணீர் சிவப்பிலிருந்து கருப்பாக மாறியது. தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கியது. கரியோடு ஒட்டியிருந்த சாம்பல்தான் காரணம் என்று கண்டுபிடிக்க நாளாயிற்று. கரியைக் கழுவ வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவினால் போதாது. பட்டறையில் சாயம் போட்ட நூலை அலசும்போது சேர்க்கும் புளிப்பு அமிலத்தைச் சொட்டு விட்டுக் கழுவிப் பார்த்தார். சாயத் தண்ணீரையும் லேசாகப் புளிக்க வைத்தார். அன்று கடலைத் தோல் பாட்டிலில் சிவப்பு ரோஜாவாகி, ரோஜா வெளுத்து, மறுநாள் பார்த்தபோது மழைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

நான் வியாபாரி. ஆனால் அந்தப் பாட்டிலை நானும் வெகு நேரம் கையில் வைத்துப் பார்த்தேன் என்பதை ஒளிப்பதற்கில்லை. "சாயம் எங்கவே போச்சு?" என்று கேட்டேன்.

அவர் கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் ஒரு கண்ணாடி வில்லையை இரவல் வாங்கி வந்திருந்தார். கரித் துண்டு ஒன்றை அதில் காட்டினார். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள், துளைக்குள் துளைகள். "இது இன்னா தெர்யுமா அண்ணாச்சி? நம்ம காசிமேட்டு சந்து. புதுசா ஒர்த்தன் உள்ள போனா வெளிய வர வழி தெர்யாது. சாயம் உள்ள போய்க்கிச்சு. அட்ரஸ் கேட்டுக்கினு சுத்திக்கினு கீது."

பெரிய படிப்புப் படித்தவர்கள் இதை வேறு சொற்களில் சொல்வார்கள். எனக்கு இன்றுவரை இதுதான் விளங்குகிறது.

பட்டறையில் நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் குழாய் இணைத்தார். அடியில் கூழாங்கல், மேலே மணல், அதற்கு மேல் கழுவிய கரி. ஒரு பீப்பாய் பிடிக்காமல் விட்ட சாயத்தை அடுத்தது பிடிக்கும். கடைசிப் பீப்பாயிலிருந்து ஒரு சிமெண்டுத் தொட்டிக்கு வரும் தண்ணீரில் நிறமே இல்லை. அப்புறம்தான் அவர் அஞ்சலையைக் கூப்பிட்டனுப்பினார்.

அஞ்சலை பறியோடு வந்தார். பறியில் உயிரோடு இறால். தொட்டியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"எங்கூர்ல தண்ணிய பேப்பர்ல எழுதிப் பாக்க மாட்டாங்கோ அண்ணாச்சி" என்றார் தேசப்பன் என்னிடம். "இறாலை வுட்டுத்தான் பாப்பாங்கோ. அதுக்குப் பொய் சொல்லத் தெர்யாது. தண்ணி சரியில்லன்னா கவுந்துக்கும்."

"கவுந்துச்சுன்னா பறி இறாலுக்குக் காசு வச்சிடு" என்றார் அஞ்சலை.

கவிழவில்லை. இறால்கள் அடியில் இறங்கி, மீசையை ஆட்டிக்கொண்டு, சொந்த வீட்டில் உலாவுவது போல உலாவின. அடுத்த வாரமும் உயிரோடிருந்தன. தேசப்பன் பட்டறை வாசலில் அடுப்பு மூட்டி அவற்றில் ஒரு கூறு எடுத்து மிளகாய்த்தூள் போட்டு வறுத்தார். தட்டை என் பக்கம் நீட்டினார். எனக்குக் கடல் மீனே பழக்கமில்லை. சாயப்பட்டறைத் தொட்டி இறாலைக் கண்டதும் தட்டை அவர் பக்கமே நகர்த்தினேன்.

"இன்னைக்குச் சனிக்கிழமை. நான் சாப்பிடுறதில்ல."

அவர் நம்பிவிட்டார். தாம் மட்டும் சாப்பிட்டார். அதன் பிறகும் தட்டு நீண்டபோதெல்லாம் ஏதோ ஒரு காரணம் வந்து என்னைக் காப்பாற்றியது. அமாவாசை, ஆடி வெள்ளி, புரட்டாசி, மறுபடி சனிக்கிழமை. ஒருநாள் அஞ்சலை பொறுக்க மாட்டாமல் கேட்டார்: "இன்னா அண்ணாச்சி, உன் காலண்டர்ல மட்டும் வாரத்துக்கு எத்தினி சனிக்கிழமை?"

வாரியத்துப் பொறியாளர் அம்மா சோதனைக்கு வந்த நாளை நான் மறக்கவே முடியாது. தேசப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். தொட்டியைக் காட்டினார். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்தார். இறாலைக் காட்டினார். "மேடம், உயிரோட கீது. வேணும்னா இப்பவே வறுத்து உங்க எதிர்லயே துன்றேன்."

அந்த அம்மா சிரித்தார். நல்ல மனுஷி. "கலர் போயிருக்கு, சந்தேகமே இல்லை. இதை இவ்வளவு சுத்தமா நான் எதிர்பார்க்கல" என்றார். பிறகு பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார். சிரிப்பு நின்றது.

"சார், இதுல எவ்வளவு உப்பு இருக்கு தெரியுமா?"

"உப்பா? ஆமா மேடம். சாயம் நூல்ல ஏறணும்னா உப்பு போடணும். மூட்டை மூட்டையா போடுவோம்."

"அது அப்படியே இங்க இருக்கு. கரி சாயத்தைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. நீங்க விட்டது முகத்துவாரத்து இறால். உப்புத் தண்ணிதான் அதுக்கு வீடு. அது பிழைக்கும். இந்தத் தண்ணி தரையில இறங்கினா இந்தத் தெருவோட கைப்பம்பு பிழைக்குமா?"

தேசப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். எனக்கும் சுருக்கென்றது. அவருடைய சோதனையில் தவறில்லை. ஆனால் உப்பில் பிறந்து உப்பில் வளர்ந்த மனிதர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. கடற்கரைக் குப்பத்தில் யாரும் உப்பை அழுக்கு என்று நினைப்பதில்லை. கொஞ்சம் அவகாசம் தருவதாகவும், அடுத்த சோதனையில் உப்புத் தண்ணீர் வெளியே போனால் சீல் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொல்லிவிட்டு அந்த அம்மா போனார்.

அவர் போன பிறகு தேசப்பன் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். "உப்ப ஒரு குத்தம்னு என் வாழ்க்கைல யாருமே சொன்னதில்ல அண்ணாச்சி" என்றார். நான், பட்டறையை விற்றுவிட்டு என்னோடு கரி வியாபாரத்தில் பங்காளியாக வந்துவிடும்படி சொன்னேன். மனமார்ந்த யோசனைதான். அவர் காதில் விழவில்லை. இறாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சில நாட்கள் அவர் கிடங்குப் பக்கம் வரவில்லை. வராதவர் ஒரு காலையில் ராயபுரம் கடைக்கே ஓடி வந்தார். செருப்புக்கூடப் போடவில்லை.

"அண்ணாச்சி, சாயம் போடறதுக்கு இன்னா வோணும்?"

"எனக்கென்னவே தெரியும்? சாயம், தண்ணி…"

"உப்பு! உப்பு வோணும்! துட்டு குட்த்து உப்பு வாங்குறேன். தண்ணில போடறேன். தூக்கி வெளிய ஊத்துறேன். மறுநாள் மறுபடியும் துட்டு குட்த்து வாங்குறேன். நான் எத்தினி வருசமா இப்டி முட்டாளா கீறேன்?"

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. கரி சாயத்தை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவைத்ததே அதனுடைய குறை என்று அந்த அம்மா சொன்னார். அதுவே அதனுடைய தயவு என்று இவர் கண்டுகொண்டார். நிறம் போன உப்புத் தண்ணீரை வெளியே விடாமல் திரும்பவும் சாயத் தொட்டிக்கே ஏற்றிவிட வேண்டியது. உப்பும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். இந்தச் சூட்சுமத்தைப் பெரிய ஊர்ப் பட்டறைகளில் முன்பே செய்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதை அவரிடமும் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. "அப்போ நான் சரியாத்தான் யோசிச்சிக்கீறேன்" என்று சந்தோஷப்பட்டார்.

எல்லாத் தண்ணீரையும் திருப்ப முடியாது. அலசிய தண்ணீரில் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். அதற்கு நான் ஒரு வழி சொன்னேன். எங்கள் பக்கம் தூத்துக்குடியில் பாத்தி கட்டி வெயிலில் உப்பு எடுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். பட்டறை மொட்டை மாடியில் ஆழமில்லாத சிமெண்டுப் பாத்தி கட்டினோம். வெயில் அதன் வேலையைச் செய்தது. அடியில் தங்கும் உப்பை வாரி மறுபடி சாயத்துக்கே போட்டார். மழைக்காலத்துக்கு என்ன செய்வீர் என்று கேட்டேன். "அத்தான் அண்ணாச்சி அடுத்த கேள்வி" என்றார் கண்கள் மின்ன. கேள்வி தீர்ந்துவிடுமோ என்பதுதான் அவருக்குப் பயம்.

எல்லாம் கூடி வந்த நேரம். அந்த அம்மா சனிக்கிழமை சோதனைக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அதற்குப் புதுக் கரி மாற்ற வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை காலையில் மூட்டைகளைத் தாமே இறக்கினார். வேண்டாம், ஆள் இருக்கிறார்கள் என்று பட்டறை மேஸ்திரி சொல்லியும் கேட்கவில்லை.

புதன்கிழமை அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியபோது நான் வீட்டுக்குப் போகவில்லை. கிடங்கில் ஒரு பிடி கடலைப் புண்ணாக்கு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி கதவைத் திறந்துவிட்டார். புண்ணாக்கைப் பொடித்துத் தொட்டியில் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு மூலையிலிருந்து ஒரு மீசை, அதன் பின்னால் இன்னொன்று. அந்தத் தெளிந்த தண்ணீரில் அவை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதையும் விலை போட்டுப் பார்க்கிற எனக்கு அப்போது எந்த விலையும் தோன்றவில்லை.

தேசப்பன் அவர்களின் மனைவி சில வருஷங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. இருக்கிற ஒரே உறவு அஞ்சலைதான். சோதனையைத் தள்ளிப் போடச் சொல்லலாம் என்றேன். "இன்னாத்துக்கு? தண்ணி செத்துப் போச்சா?" என்று கேட்டார். சனிக்கிழமை அவர்தான் பொறியாளர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பீப்பாய், தொட்டி, மாடிப் பாத்தி, மறுபடி சாயத் தொட்டிக்கு ஏறும் குழாய். கடைசியாகத் தெருச் சாக்கடைக்குப் போகும் பழைய குழாய். அதன் வாயில் தேசப்பன் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார். சிமெண்டு ஈரமாக இருந்தபோது அழுத்திய உள்ளங்கைத் தடம் அதில் அப்படியே இருந்தது.

அந்த அம்மா குனிந்து தடவிப் பார்த்தார். பொட்டு ஈரமில்லை. "சரியா இருக்குன்னு அவர்கிட்டயே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். பட்டறை நடக்கலாம், மழைக்காலத்தில் மறுபடி வந்து பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு பட்டறைக் குழாயை அடைத்ததால் கால்வாய் சுத்தமாகிவிடாது. இதை அஞ்சலையிடம் சொல்லத் தேவையில்லை. தினமும் அதில் இறங்குகிறவர் அவர். அந்தக் கைத்தடத்தின் மேல் தம் கையை வைத்து அளந்து பார்த்தார். "என் கைல இன்னும் சிவப்பு வர்து அண்ணாச்சி. ஆனா அது எங்கண்ணனோடது இல்ல" என்றார். அப்போதுதான் அழுதார்.

போய் வாருங்கள் தேசப்பன். நீங்கள் பாதியில் விட்டுப்போன மழைக்காலக் கேள்வியை நானும் உங்கள் தங்கையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு உங்கள் அளவுக்குக் கேட்கத் தெரியாது. தெரிந்தவரை கேட்கிறோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அஞ்சலை என்னிடம் தொழில் பேசினார். சாயத்தை மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்றும், தண்ணீரைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். எனக்குப் புது முதலாளி கிடைத்துவிட்டார் என்பதும், பழையவரைவிடக் கறாரானவர் என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது. கழுவிய கரி மூட்டை இருநூற்றெண்பது ரூபாய் என்று முடித்தோம். இறக்குகூலி என்னுடையது. சாயம் ஊறிய பழைய கரியை நானே திருப்பி எடுத்துச் சுட்டுத் தர வேண்டும். தொட்டியில் எப்போதும் இறால் இருக்க வேண்டும், பக்கத்தில் உப்பு மீட்டரும் இருக்க வேண்டும். கருமாதி முடிந்த பிறகு மாதம் ஒரு கூறு இறாலை வறுத்துத் தருவார். விற்கிறவன் பட்டறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கிழமை பார்க்கக் கூடாது.